வீணை மைக்கை நகர்த்தியவர்கள்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம். திருகோணமலையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு மண்டபத்தில் என் அக்காவின் மகளுக்கு வீணை அரங்கேற்றம். அன்றைக்கு நான் மேடையேறி, நிறைந்த சபைக்கு முன்னால் ஒருவரை ஏசினேன். ஏசியதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் எண்ணமும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் காரணம் இல்லாமல் வராது. கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கன வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அன்புவழிபுரத்தில் வீட்டின் ஓர் அறைக்குச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்து, அதையே என் ஒலிப்பதிவு அறையாக வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, பள்ளிக்கூடக் கீதம், கலியாண அழைப்புக் குரல் என்று எது வந்தாலும் பதிவு செய்வேன். ஒரு வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் என் பிழைப்பு. நாலு விரல் தள்ளினால் போதும், வாத்தியமே வேறாகிவிடும். இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். ‘மைக் எண்டா எங்க வச்சாலும் இழுக்கும்தானே’ என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு வெடித்தேன் போலிருக்கிறது.

என் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், சரக்குக் கப்பலில் இரண்டாவது எஞ்சினியர். துறைமுகத்து ஊரில் பிறந்து, சின்ன வயதில் கப்பல்களை எண்ணிக்கொண்டு திரிந்து, கடைசியில் தானே கப்பலேறிவிட்டார். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு ஆனந்தபைரவி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாகனத்தில் ஏறுவார். அவள் சரளிவரிசை தாண்டிய காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ராகம் பிடிபடாத வயதில் அவள் ஏதோ கிள்ளுவாள், அவரும் தலையாட்டிக் கேட்பார்.

அரங்கேற்றத்துக்கு நாள் வைத்தது அவர் வரும் காலம் பார்த்துத்தான். ஆனால் அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள் ஏதோ ஒரு துறைமுகத்தில் வந்து சேரவில்லை. கப்பல் அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அழைப்பிதழ் கொடுத்து முடிந்த பிறகு அந்தச் செய்தி வந்தது. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவின் மகள், அதாவது என் பெறாமகள், மட்டும் சாதகம் செய்துகொண்டே இருந்தாள்.

பிறகு அத்தான் எனக்கு அழைத்தார். ‘மச்சாள், கப்பல் இன்ரநெற்றில படம் வராது, சுத்திக்கொண்டே நிக்கும். சத்தம் மட்டும் வரும். எனக்குப் படம் வேண்டாம். பிள்ளையின்ர வீணையை மட்டும் வடிவாக் கேக்கப் பண்ணுங்கோ’ என்றார். எஞ்சின் அறையில் அவருடைய முறை தொடங்குமுன் கொஞ்ச நேரம் ஓய்வு. அதற்குள் ஆனந்தபைரவி வந்துவிட வேண்டும். அதற்கேற்றபடி அதை நிகழ்ச்சியின் நடுவில் வைத்தோம். நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஒலி அமைப்புக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணர் வந்திருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவேன். கனகாலமாகப் பழக்கம். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர், தனக்குப் பிடிக்காவிட்டால் நேரே சொல்பவர். இருவருமாகச் சேர்ந்து வீணைக்கு மைக் வைத்தோம்.

வீணை உரத்துக் கத்தும் வாத்தியம் இல்லை. குடத்தின் மேல் பலகை அதிர்ந்துதான் நாதம் வருகிறது. மைக்கைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு நேரே ஒட்டினாற்போல் வைத்தால் தந்தியின் கீச்சுத்தான் ஏறும். மெட்டுகளின் பக்கம் கொண்டுபோனால் இடது கை வழுக்கும் சத்தம் நாதத்தை முந்திக்கொள்ளும். குடத்தில் ஒட்டுகிற சின்ன மைக் ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் வீணையைத் தகரத்தில் செய்தார்களோ என்று இருக்கும். குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, குதிரைக்கும் வலது கை மீட்டும் இடத்துக்கும் நடுவே பார்க்கும்படி, கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் மிருதங்கம் இருப்பதால் மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்க வேண்டும். மைக்குக்கும் முதுகு உண்டு, அந்தப் பக்கம் அதற்குக் காது மந்தம். மேடை பலகை மேடை. யாராவது நடந்தால் ‘தொம் தொம்’ என்று ஏறும். அதற்கு ஸ்டாண்டின் காலுக்குக் கீழே சாக்கை மடித்து வைத்தோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது, ஆகவே மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியும் போட்டோம்.

மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்து என் போனில் செருகி அத்தானுக்கு அழைத்தேன். பெறாமகள் நாலு சுரம் வாசித்தாள். போனில் அத்தான் எழுதினார்: ‘நகம் தந்தியில படுறதும் கேக்குது.’ அதைப் பார்த்து நானாவும் நானும் கைகொடுத்துக்கொண்டோம். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றி வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

திரும்பி வந்து பார்த்தால் வீணை மைக் ஸ்டாண்டில் பூமாலை. சபை அலங்காரத்துக்கு வந்த பெண்கள், தனியாக நிற்கும் கம்பியைக் கண்டு பொறுக்காமல், பிளாஸ்டிக் பூவும் மல்லிகைச் சரமுமாகச் சுற்றி விட்டிருந்தார்கள். பாரம் தாங்காமல் மைக் நிலத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பூவைக் கழற்றிச் சுவாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு மைக்கைப் பழைய இடத்தில் நிறுத்தினேன். அதற்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அடுத்தது வீடியோக்காரர். நகரத்தில் பெயர் எடுத்தவர், கையில் மூன்று கமரா. நான் பார்க்கப் பார்க்கவே வந்து மைக்கை முழங்கையால் ஓரமாகத் தள்ளினார். கேட்டால், மைக் குறுக்கே நிற்பதால் பிள்ளையின் வலது கையும் குடத்தின் வேலைப்பாடும் முகமும் ஒரே படத்தில் விழாதாம். நான் மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தினேன். தகப்பன் கப்பலில் இருக்கிறார், அவருக்குப் படம் போகாது, சத்தம் மட்டும்தான் போகும் என்றேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்து, ‘ஓம் அக்கா, விளங்குது. ஆனா சத்தத்தை எடிற்றிங்கில சரிப்படுத்தலாம்தானே’ என்றார். இல்லாத சத்தத்தை எந்த எடிற்றிங்கில் கொண்டுவருவது? நானே மைக்கைத் திரும்ப வைத்தேன். இதில் ஒருவரும் தொட வேண்டாம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. நான் மண்டபத்தின் பின்னால், நானாவின் பக்கத்தில், போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வர்ணமும் அடுத்த இரண்டு உருப்படிகளும் அருமையாகப் போயின. அத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவை அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்தது ஆனந்தபைரவி.

அப்போதுதான் அறிவிப்பாளர் ஐயா எழும்பினார். ‘இப்பொழுது சில வாழ்த்துரைகள்’ என்றார். நிகழ்ச்சி நிரலில் அது கடைசியில் இருந்தது. பிரதம விருந்தினருக்கு வேறொரு விழாவுக்கும் போக வேண்டுமாம், ஆகவே முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அரங்கேற்றம் என்றால் எங்களுக்குப் பொன்னாடையும் வாழ்த்துரையும் இல்லாமல் ஏலாது. பிள்ளை வாசிப்பது இடைவேளைக்காக என்று நினைப்பவர்களும் உண்டு. சரி, பேசிவிட்டுப் போகட்டும் என்றால், பேச்சுக்கு வைத்த வயரில்லாத மைக் பற்றரி செத்துக் கிடந்தது. நானா மாற்றுப் பற்றரியோடு ஓடுவதற்குள் அறிவிப்பாளர் ஐயா குனிந்து, வீணைக்கு முன்னால் இருந்த மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி எடுத்து, பிரதம விருந்தினரின் கையில் கொடுத்துவிட்டார்.

பிரதம விருந்தினர் அதைத் தட்டினார். ‘ஹலோ, ஹலோ’ என்றார். ஊதினார். அந்த ஊதல் அப்படியே கடல் கடந்து அத்தானின் காதுக்குள் போயிருக்கும். பிறகு பேசினார். கலை வளர வேண்டும் என்றார். பிள்ளைகளின் வளர்ச்சியில் தகப்பன்மாரின் பங்கு முக்கியம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். முன்னவர் சொன்னதையே பின்னவரும் சொன்னார். மேடையில் பெறாமகள் வீணையை மடியில் வைத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். போனில் அத்தான், ‘இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு’ என்று எழுதினார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. மைக்கைத் திருப்பி வைக்கிற வேலையை யார் செய்தது தெரியுமா? வீடியோக்காரர். ஓடிவந்து வாங்கி, ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டுபோய், தன் படத்தில் விழாத இடமாகப் பார்த்து, மேடையின் ஓரத்தில் மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவிட்டார். வீணை ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். பிள்ளை ஆனந்தபைரவி ஆலாபனையைத் தொடங்கினாள்.

ஆலாபனைக்கு மிருதங்கம் இல்லை, கடம் இல்லை. வீணை மட்டும்தான். அந்த வீணையும் கேட்கவில்லை. நானா சத்தத்தைக் கூட்டினார், உடனே ஒலிபெருக்கிப் பெட்டிகள் ‘கூ’ என்று ஊளையிட்டன. குறைத்தார், விசிறிச் சத்தம்தான் மிஞ்சியது. ‘ஏலாது தங்கச்சி. மைக் அங்க நிண்டா நான் இங்க இருந்து ஒண்டும் செய்ய ஏலாது’ என்றார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் கேட்காததால் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிரைகள் இழுபட்டன. ஒரு குழந்தை அழுதது.

போன் அதிர்ந்தது. அத்தான் எழுதியிருந்தார்: ‘சனம் கதைக்கிறது கேக்குது. பிள்ளை வாசிக்கத் துவங்கேல்லையோ?’

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்காக, கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

எழும்பி நடந்தேன். நடுவழியால், எல்லோரும் பார்க்க. முன்வரிசையில் அக்கா என் கையை எட்டிப் பிடித்தாள். ‘எடியே, இரு. சபையில வச்சு ஒண்டும் செய்யாத’ என்றாள். கையை உதறிவிட்டு மேடையேறினேன். விசிறிக்குக் கீழே நின்ற ஸ்டாண்டைத் தூக்கி வந்து, குடத்துக்கு முன்னால் வைத்து, முழங்கால் போட்டிருந்து, மத்தியானம் வைத்த அதே இடத்துக்கு மைக்கைச் சாய்த்தேன். பெறாமகள் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. நான் கையை எடுத்ததும், ‘அக்கா, படம் பழுதாப்போகுது’ என்றபடி வீடியோக்காரர் பாய்ந்து வந்து ஸ்டாண்டைப் பிடித்தார்.

அதுவரை ‘நீங்கள்’ என்று கதைத்த என் வாய், ‘நீ’ என்று போய்விட்டது.

‘கையை எடு! இந்த மைக்குக்கு அங்கால இவளின்ர தகப்பன் இருக்கிறார்! நீ படம் பிடிக்கிறதுக்கு அவரைத் தூக்கி விசிறிக்குக் கீழ வச்சிருக்கிறாய்! இன்னொருக்கா இதில கை வச்சா உன்ர கமராவைக் கடலில கொண்டுபோய்ப் போடுவன்!’

நான் எங்கே இருந்து கத்துகிறேன் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை. மைக் சரியான இடத்தில், சரியான சாய்வில் இருந்தது, நானும் அதற்கு நேர் முன்னால் இருந்தேன். ஒரு சொல் தவறாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எழும்பிப் பார்த்தார்களாம். அறிவிப்பாளர் ஐயா கையில் இருந்த கடதாசியால் முகத்தை மறைத்துக்கொண்டார். வீடியோக்காரர் கையை எடுத்தார்.

மண்டபம் அடங்கிப்போய் இருந்தது. அழுத குழந்தையும் பயத்தில் நிறுத்திவிட்டது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெறாமகள்தான் என்னைக் காப்பாற்றினாள். வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே நிறுத்தி, விரலைச் சேலையில் துடைத்து, சுருதியை ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, ஆனந்தபைரவியை முதலிலிருந்து தொடங்கினாள். நானா பின்னால் இருந்து மெல்ல மெல்லச் சத்தத்தை ஏற்றினார். நகம் தந்தியில் படுவதும் கேட்டது.

நான் மேடையை விட்டு இறங்கவில்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில், நிலத்தில், நாய் காவல் இருப்பது போல மைக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போனை மிக்ஸரோடு விட்டுவிட்டு வந்ததால் அத்தானுக்குக் கேட்டதா இல்லையா என்றும் தெரியாது. எல்லாம் முடிந்து இறங்கிப்போய்ப் பார்த்தேன். ‘கேக்குது’ என்று ஒரே ஒரு சொல் கிடந்தது. அதற்குக் கீழே, தன்னோடு வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தனக்காக எஞ்சின் அறைக்கு இறங்கியிருப்பதாகவும், முழுதும் கேட்டுவிட்டுத்தான் போவதாகவும் எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு விளங்கியது எங்கள் சபைக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஊர் முழுக்க என் ஏச்சுத்தான் கதை. பேச்சை நீட்டியவரையும், மைக்கை உருவியவரையும், நகர்த்தியவரையும் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ‘என்ன இருந்தாலும் ஒரு பொம்பிளை சபையில அப்பிடிக் கத்தலாமோ’ என்றார்கள். அக்கா, ‘என்ர மானத்தை வாங்கிட்டாய்’ என்று சொல்லிவிட்டுத் தீபாவளி வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. கோபம் வந்தது எனக்கு, கோபித்துக்கொண்டது எல்லோரும்.

தீபாவளிக்கு முதல் வாரம் வீடியோவும் வந்தது. பார்த்தபோது எனக்கு இரத்தம் கொதித்தது. என் ஏச்சை வெட்டியிருந்தார்கள், அது போகட்டும். ஆனந்தபைரவிக்குக் கீழே வேறு யாரோ வாசித்த ஏதோ ஒரு வீணைப் பதிவை ஒட்டியிருந்தார்கள். பிள்ளையின் விரல் ஒரு சுரத்தில் நிற்கிறது, சத்தம் இன்னொரு சுரத்தில் போகிறது. எடிற்றிங்கில் சரிப்படுத்துவது என்றால் இதுதான். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘என்ன வடிவாயிருக்கு’ என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நல்லகாலம், மிக்ஸரில் பதிந்ததை நானா எனக்கு அப்படியே தந்திருந்தார். அதில் ஊதல், பேச்சு, விசிறி, என் ஏச்சு எல்லாம் இருந்தன. நான் தொழில்காரி, ஒரு நிமிடத்தில் என் ஏச்சை வெட்டியிருப்பேன். வெட்டவில்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு அத்தான் வீட்டுக்கு வந்தார். அக்கா முதல் வேலையாக வீடியோவைப் போட்டாள். ஆனந்தபைரவி வந்ததும் அத்தான் நெற்றியைச் சுருக்கினார். ‘இது எங்கட பிள்ளை இல்லையே’ என்றார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்து, உண்மையான பதிவு இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. போட்டேன். என் ஏச்சு வரும் இடம் நெருங்கியபோது, வெட்கத்தில் குசினிக்குள் போய்ப் பொங்கல் பானையைக் கிளறுவது போல நின்றேன். அங்கேயும் துல்லியமாகக் கேட்டது. நான் வைத்த மைக் அல்லவா.

அத்தான் பதிவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘மச்சாள், அதுவரைக்கும் நான் கபினில தனிய இருந்து விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தனான். என்னை எல்லாரும் மறந்திட்டினம் எண்டு நினைச்சிட்டன். நீங்க ஏசினாப் பிறகுதான் நானும் அந்த மண்டபத்துக்குள்ள இருக்கிறன் எண்டு தெரிஞ்சுது’ என்றார்.

பெறாமகள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘அந்த ஏச்சை இன்னொருக்காப் போடடி’ என்றாள்.

கோபத்தைக் குறை என்று இன்னும் பலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள், நானும் முடிந்தவரை அடக்கித்தான் நடக்கிறேன். ஆனால் பார்வைக்கு வடிவாயில்லை என்று யாராவது ஒரு மைக்கை நகர்த்தக் கண்டால், அதற்கு அங்கால் ஒரு மனிதர் காதைக் கொடுத்துக்கொண்டு தனியாக இருப்பார் என்ற நினைப்பு வந்துவிடும், பிறகு என்னைக் கதிரையில் இருத்த ஒருவராலும் ஏலாது.